உடலின் ஒரு பக்கம் மட்டும் பின்தங்கினால் தேற்றுவது எப்படி?

வலக்கைப் பழக்கம் உள்ளவரின் வலது முன்கை இடதைவிடச் சற்றுத் தடித்திருப்பது இயல்பு. இரு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் ஒத்திருக்கும் உடல் எவருக்கும் இல்லை. ஆயினும் எடைப் பயிற்சி செய்பவர்களில் சிலருக்கு ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பின்தங்கிவிடுவது உண்டு. அது தானாகச் சரியாவது அரிது. ஏனென்றால் இரு முனைகளிலும் எடை மாட்டி இரு கைகளாலும் பிடிக்கும் நீண்ட கம்பியான பார்பெல்லில் பலமான பக்கம் தன் பங்குக்கு மேலாகச் சுமந்து, மற்றப் பக்கத்தைச் சும்மா இருக்க விட்டுவிடுகிறது. வடசென்னையில் ஒரு சிறிய ஜிம்மில் பல ஆண்டுகளாகப் பயிற்சி சொல்லிக்கொடுத்து வருகிறேன். "மாஸ்டர், லெஃப்ட் செஸ்ட் மட்டும் ஏறவே மாட்டேங்குது" என்று வருபவர் அநேகமாக அதற்குள் இடது பக்கத்துக்கு மட்டும் செட்டுகளை, அதாவது இடையில் ஓய்வில்லாமல் தூக்கும் சுற்றுகளை, கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். செட்டுகளைக் கூட்டுவது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. காரணத்தைக் கண்டுபிடிப்பதும், பலவீனமான பக்கம் எத்தனை முறை தூக்குகிறதோ அதையே இரு பக்கத்துக்கும் அளவாக வைப்பதுமே முதலில் செய்யவேண்டியவை.

முதலில் அளந்து பார்க்க வேண்டும். காலையில், பயிற்சிக்கு முன்பு, தசையில் ரத்தம் ஏறி உப்பாத நேரத்தில், தையற்கடையில் பயன்படுத்தும் இஞ்சு டேப்பால் அளப்பது நல்லது. புஜத்தைக் கையை மடக்கி இறுக்கிய நிலையில் அதன் மேட்டிலும், கெண்டைக்காலை அதன் பருத்த இடத்திலும், தொடையை முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே பேனாவால் கோடு போட்டு அந்தக் கோட்டின்மீதும் அளக்க வேண்டும். தன் கையைத் தானே அளந்தால் இரு கைகளும் டேப்பை ஒரே மாதிரி இழுப்பதில்லை என்பதால், வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். மூன்று முறை அளந்து நடுவில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்பது என் கருத்து.

சுற்றளவைவிடப் பலத்தில் உள்ள வித்தியாசமே அதிகம் சொல்லும். ஏறத்தாழ பத்து முறை தூக்கக்கூடிய டம்பெல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கையாலும் தனித்தனியே, உடலைச் சாய்க்காமல் எத்தனை முறை தூக்க முடிகிறது என்று எண்ணுங்கள். இன்னொரு நாள் மற்றக் கையில் தொடங்கி மீண்டும் எண்ணுங்கள். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 9 என்றால் கவலை இல்லை. 10-க்கு 7 என்றால் வேலை இருக்கிறது. முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட விளையாட்டு வீரர்களைக்கூட, அந்தக் கால் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதத்தை எட்டிய பிறகு மைதானத்துக்கு அனுப்புவதுதான் வழக்கம்; ஆகவே பத்து சதவீதத்துக்குள் இருக்கும் வேறுபாட்டுக்காகப் பயிற்சித் திட்டத்தையே மாற்ற வேண்டியதில்லை.

கால்களுக்கு எளிமையான ஒரு சோதனை இருக்கிறது. வீட்டில் எடை பார்க்கும் மிஷின்கள் இரண்டை இரவல் வாங்கி அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாதத்தை வைத்து நின்று, கைகளை முன்னே நீட்டி மெதுவாக உட்கார்ந்து எழுங்கள். எண்களை மற்றொருவர் படிக்கட்டும். அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவருக்கு இதைச் செய்து பார்த்தோம். 70 கிலோ எடையுள்ள அவர் நேராக நின்றபோது இரண்டு மிஷின்களும் 35-ஐ ஒட்டியே காட்டின. பாதிக்கு மேல் உட்கார உட்கார வலது மிஷினில் எண் ஏறி 42-இல் போய் நின்றது, இடதில் 28. அவருடைய இடது தொடை மெலிந்திருந்ததற்குக் காரணம் தொடையில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் பந்து விளையாடும்போது பிசகிய இடது கணுக்கால் விறைத்துப்போயிருந்தது. அது மடங்க மறுத்ததால் இடுப்பு ஒவ்வொரு ஸ்குவாட்டிலும் (உட்கார்ந்து எழும் பயிற்சியிலும்) வலப்பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. சுவரை நோக்கி நின்று, குதிகாலை எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னோம். வலது கால் விரல்நுனி சுவரிலிருந்து 11 சென்டிமீட்டர் தள்ளியிருந்தும் முழங்கால் தொட்டது, இடது காலுக்கு 6 சென்டிமீட்டருக்கு மேல் முடியவில்லை. அதே அசைவைத் தினமும் இரண்டு வேளை செய்து கணுக்காலை இளக்கிய பிறகே அவருக்குத் தொடைப் பயிற்சியை மாற்றிக் கொடுத்தோம். இந்த வரிசை மாறியிருந்தால் எத்தனை செட் செய்தாலும் சுமை வலது காலுக்கே போயிருக்கும்.

அன்றாடப் பழக்கங்களையும் கவனியுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனை எப்போதும் ஒரே தோளில் ஏற்றி மாடிப்படி ஏறுவது, லேப்டாப் பையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு மின்சார ரயிலில் நிற்பது, குடத்தையும் குழந்தையையும் ஒரே இடுப்பில் சுமப்பது ஆகியவை தசையைப் பெரிதாக வளர்க்காவிட்டாலும், ஒரு தோளை உயர்த்தி இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நிற்கும் வழக்கத்தை உடலுக்குப் பழக்கிவிடுகின்றன. அதே சாய்வோடுதான் நாம் பார்பெல்லுக்கு அடியிலும் போய் நிற்கிறோம். பக்கத்தை மாற்றி மாற்றிச் சுமந்தால் போதும்.

ஜிம்மில் உள்ள கருவிகளையும் நம்பிவிட வேண்டாம். வார்ப்பிரும்பு பிளேட்டுகளில் 10 என்று பொறித்திருந்தாலும் இரண்டு பிளேட்டுகள் ஒரே எடையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பார்பெல்லின் கம்பியான ராடு பழையதாகி வளைந்திருக்கலாம். தரையில் விரித்த ரப்பர் மேட் ஒரு பக்கம் அமுங்கியிருக்கலாம். பிளேட்டுகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ராடில் உள்ள வளையக் கோட்டிலிருந்து இரு கைகளும் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று விரலால் அளந்து பிடியுங்கள். பார்பெல்லைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் ஒரு உள்ளங்கை முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் பிடிப்பவர்கள், செட்டுக்குச் செட் கையை மாற்ற வேண்டும்.

இனி முறைக்கு வருவோம். பின்தங்கிய பகுதிக்கான பார்பெல் பயிற்சிகளைச் சில மாதங்களுக்கு நிறுத்தி, அவற்றின் இடத்தில் ஒவ்வொரு பக்கமும் தனியாக உழைக்கும் பயிற்சிகளை வையுங்கள்: மார்புக்குப் பெஞ்சில் படுத்து மேலே தள்ளும் டம்பெல் பிரஸ், முதுகுக்குக் குனிந்து எடையை மேலே இழுக்கும் ஒரு கை டம்பெல் ரோ, புஜத்துக்கு முழங்கையை மடக்கி இழுக்கும் ஒரு கை கேபிள் கர்ல், தொடைக்குப் பின்காலைப் பெஞ்சில் வைத்து முன்காலால் உட்கார்ந்து எழும் பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட் அல்லது ஒற்றைக் கால் லெக் பிரஸ், கெண்டைக்காலுக்குப் படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று எழும்புவது. இரு கைப்பிடிகளும் ஒன்றாக இணைந்து நகரும் மிஷின்கள் இதற்கு உதவாது. எப்போதும் பலவீனமான பக்கத்தில் தொடங்க வேண்டும். அந்தப் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு முறை மட்டுமே தூக்க முடியும் என்ற கட்டம் வரை சென்று நிறுத்தி, அந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு, பலமான பக்கத்தால் அதே எடையை அதே எண்ணிக்கை மட்டும் தூக்க வேண்டும். பலமான கைக்கு இன்னும் மூன்று முறை மிச்சம் இருக்கும், ஆசையும் இருக்கும். அங்கே நிறுத்துவதில்தான் இந்த முறையின் பலனே இருக்கிறது. ஒரு பக்கம் தன் எல்லை வரை உழைத்து வளர்கிறது, மற்றது பெற்றதை இழக்காமல் காத்திருக்கிறது.

நான் இளைஞனாக இருந்தபோது இதைச் சொல்ல யாரும் இல்லை. இடது புஜத்துக்கு மட்டும் இரட்டிப்பு செட்டுகள் என்று மூன்று மாதம் செய்தேன். முழங்கையின் உட்புறத்தில் வலி வந்து, சாவியைத் திருப்பக்கூடக் கை கூசியது, அளவு மட்டும் மாறவில்லை. ஆறு வாரம் இந்த முறையில் சென்றும் எண்ணிக்கை நெருங்காவிட்டால் மட்டும், பின்தங்கிய பக்கத்துக்கு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று செட்டுகள் கூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

பலமான பக்கத்தை முற்றிலும் நிறுத்திவிடுவதும் தவறு. ஒரு கைக்குக் கொடுக்கும் பயிற்சியால் மற்றக் கைக்கும் ஓரளவு பலம் கூடுகிறது என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1894-லேயே சோதித்துக் காட்டினார்கள். தசையை இயக்கும் நரம்பு மண்டலத்தின் வழியாகவே அது நடக்கிறது. கை ஒடிந்து மாவுக்கட்டுப் போட்டிருப்பவர்கள் மருத்துவரின் அனுமதியோடு மற்றக் கைக்குப் பயிற்சியைத் தொடர்ந்தால், கட்டுக்குள் இருக்கும் கையின் பலம் குறைவதைக் கொஞ்சம் தடுக்கலாம்.

முதுகு விஷயத்தில் நம் ஊர்ப் புழுக்கத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். மே மாதத்தில் உள்ளங்கை வியர்த்து வழுக்கும்போது, பிடிபலம் குறைந்த இடது கை முதலில் விட்டுவிடும். முதுகின் இடப்புறத் தசை களைப்பதற்கு முன்பே செட் முடிந்துவிடும். இது முதுகின் குறைபாடுபோல் தோன்றினாலும் உண்மையில் விரல்களின் குறைபாடு. கைப்பிடியைத் துண்டால் துடைத்து, மணிக்கட்டைக் கைப்பிடியோடு பிணைக்கும் பட்டையான ஸ்டிராப் கட்டிக்கொண்டு ரோ செய்து பாருங்கள். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை வந்தால், முன்கைப் பிடிக்குத் தனியாகப் பயிற்சி கொடுப்பதே மருந்து. மார்பில் இதுபோன்ற இன்னொரு மறைமுகக் காரணம் தோள்பட்டை. டம்பெல்லைத் தள்ளும்போது பின்தங்கிய பக்கத்துத் தோள் காதை நோக்கி ஏறினால், மார்பு செய்யவேண்டிய வேலையைத் தோள் எடுத்துக்கொள்கிறது. அந்தத் தோள்பட்டை எலும்பைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்து பெஞ்சில் அழுத்தி, மூன்று நொடி எடுத்து இறக்கி, கீழே ஒரு நொடி நிறுத்தித் தள்ளுங்கள். எடையைக் குறைக்க வேண்டிவரும், குறையுங்கள்.

சிலவற்றை மாற்ற இயலாது. வயிற்றுக் கட்டங்கள் ஏறுமாறாக இருப்பதும், ஒரு புஜத்தின் மேடு மற்றதைவிட முழங்கையிலிருந்து தள்ளி எழுவதும், நார்கள் எங்கே இணைகின்றன என்ற பிறவி அமைப்பைச் சேர்ந்தவை. ஆணழகன் போட்டிக்குச் செல்பவர்கள் பக்கவாட்டில் மார்பைக் காட்டும் போஸில் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பதைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம்; இரு புஜங்களையும் ஒருசேர மடக்கும் போஸில் அந்த வசதி இல்லை என்பதால், மாற்றக்கூடிய குறையை மேடைக்கு ஒரு வருடம் முன்பே கவனியுங்கள்.

பயிற்சியால் தீராத காரணங்களும் உண்டு என்பதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். மார்பின் ஒரு பக்கத் தசையே பிறவியில் உருவாகாமல் போகும் போலந்து நோய்க்குறி அரிதாக இருக்கிறது. 15 முதல் 25 வயதுக்குள் உள்ள ஆண்களுக்கு வலியே இல்லாமல் ஒரு கையின் உள்ளங்கைத் தசைகளும் முன்கையும் மெலிந்துகொண்டே போகும் நோயை ஜப்பானிய மருத்துவர் ஹிராயாமா 1959-இல் விவரித்தார்; அது இந்தியாவிலும் காணப்படுகிறது. கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் அழுத்தப்படுவதால் வருவது அது. முதலிலேயே கண்டுபிடித்துக் கழுத்துக்குப் பட்டை அணிந்தால் மோசமாவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. சில மாதங்களில் ஒரு பக்கம் மெலிவது, மரத்துப்போவது, தசை தானாகத் துடிப்பது, சட்டைப் பித்தான் போடத் தடுமாறுவது, தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் பிதுங்கி நிற்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் நரம்பியல் பிரிவு உண்டு.

முதல் மாதத்தில் எண்ணிக்கைகள் நெருங்கும், டேப்பில் ஒன்றும் தெரியாது. ஆரம்பத்தில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் அளந்து, மூன்று நான்கு மாதம் தொடருங்கள். இரு பக்கமும் ஒரே எடையில் ஒரே எண்ணிக்கையைத் தொடர்ந்து மூன்று வாரம் எட்டிய பிறகு, பழைய எடையில் பாதியோடு பார்பெல்லுக்குத் திரும்பலாம். மொபைலை பெஞ்சின் கால்பக்கத்தில் நிறுத்தி வீடியோ எடுத்து, ராடின் இரு முனைகளும் ஒரே நேரத்தில் மேலேறுகின்றனவா என்று பாருங்கள்; ஒரு முனை முந்தினால், இன்னும் நான்கு வாரம் டம்பெல்லிலேயே இருங்கள்.