வாடகையைப் பாதியாக்கும் முன்: யாழ்ப்பாணத்துச் சிறு விடுதிக்காரருக்கு ஒரு வழிகாட்டி

2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360 ரூபாவரை ஏறியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. பெற்றோரின் பழைய வீட்டில் ஐந்து அறைகளை வைத்து நாங்கள் நடத்திவரும் விடுதியில், அப்போது நான் செய்த முதல் வேலை வாடகையைப் பாதியாக்கியது. அறைகள் நிரம்பின, ஆனால் மாத முடிவில் கணக்குக் கொப்பியில் நட்டமே நின்றது. அதை ஈடுகட்டக் காலையுணவைப் பாணும் வாழைப்பழமுமாகச் சுருக்கினேன். வந்தவர்கள் மறுபடி வரவில்லை. இந்த இரண்டு பிழைகளையும் இன்னொருவர் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் அறைக்கு ஓர் இரவில் உண்மையாக எவ்வளவு செலவாகிறது என்பதைக் கணக்கிட வேண்டும். விளக்கத்துக்காக எண்களை இப்படி வைத்துக்கொள்வோம்: இருவருக்குக் காலையுணவு 700 ரூபா, சலவை 400, துப்புரவு 400, தேநீரும் சவர்க்காரமும் 200, மின்விசிறிக்கும் விளக்குக்கும் 100; மொத்தம் 1,800. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் கட்டவேண்டிய சம்பளம், திருத்தவேலை, வரி முதலியவை 90,000 என்றும், மாதத்தில் 75 அறையிரவுகள் விற்பனையாகின்றன என்றும் கொண்டால், ஒவ்வோர் இரவின் மீதும் மேலும் 1,200 விழுகிறது. ஆகவே 3,000 ரூபாவுக்குக் கீழே நெடுங்காலம் கொடுக்க இயலாது. வெறுமனே கிடக்கும் அறையை ஒரு சில நாட்களுக்கு 2,200க்குக் கொடுத்தாலும் 400 ரூபா கைக்கு வரும். 1,800க்குக் கீழே போனால் வருகிற ஒவ்வொருவராலும் நட்டமே மிஞ்சும். வாடகையைப் பாதியாக்கியபோது இந்த மூன்றாவது நிலையில்தான் நான் நின்றேன், அது எனக்கே தெரியாமல்.

அடுத்து மின்சாரம். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தபோது, எங்களைப் போன்ற விடுதிகளுக்கு ஏசியே பெருஞ்சுமையாயிற்று. சிறிய ஏசி ஒன்று எட்டு மணிநேர இரவில் ஐந்து, ஆறு அலகுகளை எடுத்துக்கொள்ளும். மின்விசிறிக்கு ஏறத்தாழ அரை அலகு போதும். இதனால் ஒரே அறைக்கு ஏசியுடன் ஒரு விலையும் ஏசியின்றி ஒரு விலையும் வைத்து, அறை எடுக்கும்போதே இரண்டையும் சொல்லிவிடுங்கள். மின்விசிறியைத் தெரிவுசெய்பவர் புழுங்கிக் கிடக்காதபடி பார்ப்பது நம் பொறுப்பு: தென்மேற்குக் காற்றாகிய சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கு யன்னலைத் திறந்து வைக்கக்கூடியதாக நுளம்புவலை அடிக்க வேண்டும், கட்டிலை அந்தக் காற்று படும் பக்கத்துக்கு நகர்த்த வேண்டும். பழைய நாற்சார் வீடு வைத்திருப்பவர்களுக்கு உயரமான கூரையும் முற்றமும் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்து கொடுக்கின்றன.

உணவில்தான் நம் ஊர் விடுதிக்காரர் தம் கையிலிருக்கும் செல்வத்தை அறியாமல் செலவழிக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கொழும்பிலிருந்து வரும் சொசேஜும் ஜாமும் பட்டரும் விலை கூடியவை, எங்கும் கிடைப்பவை. சிவப்பரிசி மா இடியப்பம், தேங்காய்ப்பாற் சொதி, இடித்த சம்பல், வளவு முருங்கையின் கறி ஆகியவை செலவில் குறைந்தவை. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் நம்மவர்கள் இவற்றுக்காகவே காலையில் நேரத்தோடு எழும்புகிறார்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுக்கும் காலத்தில் ஆளுக்கொரு பழம் வெட்டி வைத்தால், அதற்கு ஈடான வரவேற்பு வேறில்லை. பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழை இரண்டு பேருக்குக் காய்ச்சினால் கட்டுப்படியாகாது. நண்டு, இறால், மீன், பயற்றங்காய், மரவள்ளி எல்லாம் சேர்ந்தால்தான் அது கூழ். ஆகையால் கிழமையில் ஒரு மாலையைக் குறித்து, எல்லா அறையினரையும் முற்றத்தில் ஒன்றாக இருத்தி ஒரே பானையில் காய்ச்சுங்கள். நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ போகிறவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் காலைப் படகைப் பிடிக்க விடியமுன் புறப்படுவார்கள். அவர்களுக்குப் புட்டை வாழையிலையில் பொதிசெய்து கொடுங்கள். அவர்கள் காசு கொடுத்த காலையுணவை அவர்களுக்குக் கிடைக்காமற் செய்வது நியாயமன்று.

குடிநீர்ப் போத்தல்களை நிறுத்திவிட்டு, வடிகட்டிக் கொதிக்கவைத்த நீரைக் கண்ணாடிக் கூசாவில் வைக்கலாம். நம்முடையது சுண்ணக்கல் நிலத்து நீர் என்பதால் கேத்தலின் அடியில் வெண்படலம் பிடிக்கும். அதைக் காணும் விருந்தினர் அழுக்கென்று எண்ணுவார், எனவே கிழமைக்கொருமுறை தேசிக்காய்ச் சாறு விட்டுக் கொதிக்கவைத்துக் கழுவுங்கள். விரிப்புகளைத் தினமும் மாற்றாமல் மூன்று நாட்களுக்கொருமுறை மாற்றலாம், கேட்டால் உடனே மாற்றவேண்டும். நுளம்புவலை, கழிவறைத் துப்புரவு, வேலைசெய்யும் பெண்களின் சம்பளம் ஆகிய மூன்றிலும் கை வைக்கக்கூடாது. சம்பளத்தைக் குறைத்தால் அது முதலில் கழிவறையில்தான் தெரியும்.

விலை சொல்லும் முறைக்கு வருகிறேன். உள்ளூராருக்கு ஒன்று, வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவருக்கு இன்னொன்று என்று இரட்டை விலை வைப்பதை நான் ஏற்பதில்லை. பிறந்த ஊரில் அந்நியர் விலை கேட்கப்பட்டவரின் மனவருத்தத்தை எந்த உபசாரமும் ஆற்றாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் அறைகள் எப்படியும் நிரம்பும். அப்போதும் முன்கூட்டி எழுதி ஒட்டிய விலைக்கு மேல் ஒரு ரூபாவும் வாங்காதீர்கள், தேர்த்திருவிழாவுக்கு வந்து நியாயமாக நடத்தப்பட்ட குடும்பம் மறுவருடமும் உங்களையே அழைக்கும். இணையவழிப் பதிவுத் தளங்கள் 15 சதவீதமளவில் தரகு எடுப்பதால், 5,000 ரூபா அறையில் 750 ரூபா வெளியே போகிறது. இரண்டாம் முறை நேரடியாகத் தொலைபேசியில் பதிவுசெய்பவருக்கு அதில் பாதியைக் கழித்துக் கொடுங்கள், இருவருக்கும் இலாபம்.

ஐப்பசி தொடங்கி மழை பிடித்தால் சுற்றுலாக்காரர் குறைவார்கள். அந்த மாதங்களில் நமக்கு வருகிறவர்கள் வேறு: கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நோயாளரைக் கொண்டுவந்த உறவினர். அவர்களுக்கு அலங்காரம் எதுவும் வேண்டாம். கஞ்சி காய்ச்சக் குசினியில் ஓர் அடுப்பும், கொண்டுபோகச் சுடுநீர்க் குடுவை ஒன்றும், இரவு பிந்தி வந்தாலும் திறக்கும் படலையும் இருந்தால் போதும். நோயாளியை எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது என்பதால், முற்பணமாக ஒரு நாள் வாடகையை மட்டும் வாங்கி மீதியை நாளுக்கு நாள் கணக்கு வையுங்கள். நாலாம் நாள் பகலில் திடீரென்று புறப்பட்டால் அன்றைய இரவுக்குப் பணம் கேட்காதீர்கள். நீண்டு ஒரு கிழமையைத் தாண்டினால் ஏழாம் இரவை விட்டுக்கொடுங்கள்.