ரசிகர்களைப் பாடச் சொல்லும் முன்

"எங்களோடு சேர்ந்து பாடி, வீடியோ எடுத்து அனுப்புங்கள்" என்று ரசிகர்களை அழைக்கும் இசைக்குழுக்கள் இப்போது நிறைய. பதிவுகள் வந்து குவிந்த பிறகுதான் மிக்ஸிங்குக்கு எங்களைத் தேடி வருகிறார்கள். பழைய ஆட்கள் விழுந்து எழுந்த அதே குழிகள். ஃபேனை நிறுத்துவது, போனை ஆடாமல் வைப்பது எல்லாம் அவர்களுக்கே தெரியும். மற்றதைப் பார்ப்போம்.

இயர்போன் இல்லாமல் பாட விடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். குழு அனுப்பிய பாடல் பதிவை, அதாவது டிராக்கை, ரசிகர் ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் கூடவே பாடுகிறார். குரலோடு டிராக்கும் பதிவாகிவிடுகிறது. ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம். ஐம்பது பதிவுகளை அடுக்கினால் அதே மிருதங்கம் ஐம்பது அறைகளின் எதிரொலியோடு, ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்பின்னாகக் கேட்கும். குரலைத் தூக்கினால் அதுவும் தூக்கும். ஏஐ வைத்துப் பிரிக்கலாமே என்பார்கள். வாத்தியத்தைப் பிரிக்கலாம். டிராக்கில் பாடகியின் குரலும் இருந்தால் அதை ரசிகரின் குரலிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஒரு குழுவுக்கு வந்ததில் அருமையான குரல் ஒரு வயதான அம்மாவுடையது. ஆனால் அவரைவிடச் சத்தமாகக் குழுவின் பாடகி, நடுவில் குக்கர் விசில். குக்கரைக்கூட வெட்டிவிடலாம், பாடகியை என்ன செய்வது? அந்த அம்மாவை விட்டுவிட்டுத்தான் வெளியிட்டார்கள். வீட்டில் சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்களாம். "எங்க அம்மா எங்கே?" என்று மகன் கமெண்டில் கேட்டதற்குக் குழுவிடம் பதில் இல்லை.

அழைப்பிலேயே ஒரு வரி போதும்: ஒரு காதில் வயர் இயர்போன். ப்ளூடூத் வேண்டாம், அதில் ஒலி தாமதமாக வரும், தாளம் தவறாதவரும் பதிவில் பின்தங்கியிருப்பார். டிராக் தொடக்கத்தில் நான்கு எண்ணிக்கை வையுங்கள், நான்காவதில் ரசிகர் ஒரு கைதட்டு தட்டட்டும். எடிட்டிங்கில் ஒலி அலையில் தெரியும் அந்தக் கைதட்டின் கூரான முனையைப் பிடித்து எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம்.

அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேகர் 2010-ல் 12 நாடுகளிலிருந்து 185 பேரைச் சேர்த்து இணையச் சேர்ந்திசை அமைத்தபோது, தான் கையசைத்து நடத்தும் வீடியோவை முதலில் யூடியூபில் போட்டார். எல்லோரும் அந்த ஒரே கையைப் பார்த்துப் பாடினார்கள். 2020-ல் அவருடைய இணையச் சேர்ந்திசையில் பாடியவர்கள் 17,572 பேர், 129 நாடுகள்.

ஜூமில் எல்லோரும் ஒன்றாகப் பாடுவது

நடக்காது. ஒருவர் பாடுவது மற்றவருக்குத் தாமதமாகத்தான் கேட்கும்.

ஜூமில் தம்புரா

ரசிகர்களுக்கு நேரலைக் கச்சேரி செய்பவர்கள் கவனிக்க. விடாமல் ஒலிக்கும் சுருதியை ஏசி இரைச்சல் என்று நினைத்து ஜூம் அடக்கிவிடும். 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பை ஆன் செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக வாங்குவது

வீடியோவாக வந்தால் தரம் குறைந்துவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பெயர் கேட்காமல் விடுவது

கூகுள் ஃபார்மில் வெளியிட அனுமதி கேட்கும் இடத்திலேயே, கடைசியில் திரையில் ஓட வேண்டிய பெயரை அவர்களையே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். போன் நம்பரை வைத்து வாட்ஸ்அப் பெயரை எடுத்துப் போட்டு, ஒருவர் திரையில் 'அப்பா செல்லம்' என்று ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.