சுயநிதிக் கல்லூரியில் இடர்ப் பதிவேடு எழுதும் முறை

கல்லூரிக்கும் மாணவருக்கும் நேரக்கூடிய கேடுகளையும், அவற்றைத் தடுக்கப் பொறுப்பானவரின் பெயரையும் எழுதி வைப்பதே இடர்ப் பதிவேடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழக இணைவிலும், பொறியியல் கல்லூரிகள் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலோடு அண்ணா பல்கலைக்கழக இணைவிலும் இயங்குகின்றன. எனவே இணைவு ஆணை, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, பேருந்துகளின் எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆகியவை எந்த நாளில் முடிகின்றன என்பதை முதலில் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஒருவருடைய பெயர் இருக்க வேண்டும். ‘அலுவலகம்’ என்று எழுதிய பொறுப்பை யாரும் ஏற்பதில்லை.

பிறகு, மாணவருக்கு நேரக்கூடிய கேடுகளை எழுதுங்கள். நம் பகுதிக்கு நான் முதலில் வைப்பது அசல் சான்றிதழ்களைத்தான். பென்னாகரத்திலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளை வேறு கல்லூரிக்குப் போக விரும்பும்போது, மதிப்பெண் பட்டியலைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதிக் கட்டணம் கேட்பது அந்தப் பிள்ளையின் ஓராண்டையே பறித்துவிடக்கூடும். அசலைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கை. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகுபவருக்கு, 5 விழுக்காட்டுக்கும் 5,000 ரூபாய்க்கும் மிகாத பிடித்தம் போக முழுக் கட்டணமும், அதன் பின் கடைசி நாள் வரை விலகினால் 90 விழுக்காடும், கடைசி நாளைக் கடந்த 15 நாளுக்குள் 80 விழுக்காடும், 30 நாளுக்குள் 50 விழுக்காடும் திருப்பித் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. பின்னர் வந்த சுற்றறிக்கைகள் சில ஆண்டுகளில் இதைவிடக் கூடுதலாகத் தரச் சொல்லியிருப்பதால், சேர்க்கை தொடங்குமுன் அவ்வாண்டுச் சுற்றறிக்கையைப் படித்து, அதன் தமிழ்ச் சுருக்கத்தை விண்ணப்பத்திலேயே அச்சிடுங்கள்.

தொப்பூர் கணவாய் வழியாகப் பேருந்து செல்லுமானால் பிரேக் சோதனையையும் ஓட்டுநரின் ஓய்வு நேரத்தையும் தனி வரியாக எழுதுங்கள்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் ஒருவரின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மிகக்கூடாது. பணியிலிருந்து போய்விட்ட பேராசிரியரின் பெயரும் எண்ணும் அறிவிப்புப் பலகையில் நின்றால், மாணவி துணிந்து அழைக்கும் ஓர் அழைப்பு வீணாகிவிடும். ஆதலால் பலகையைப் பருவத்துக்கொரு முறை சரிபாருங்கள்.

நிர்வாகக் குழு கூடும்போதெல்லாம் பதிவேட்டை உரக்கப் படியுங்கள். ரசீதோ சான்றோ இணைக்கப்படும் வரை எந்த வரியையும் முடிந்ததாகக் குறிக்காதீர்கள்.