திருவருகைக் காலத்தை வீட்டில் எப்படிக் கடைப்பிடிப்பது?

சில வருடங்களுக்கு முன் டிசம்பர் 25 காலையில் என் மகள் கேட்டாள்: "இன்னிக்கு என்னப்பா புதுசா இருக்கு? கிறிஸ்மஸ்தான் ஏற்கெனவே நாலு தடவை கொண்டாடிட்டோமே!" அவள் சொன்னது சரிதான். பள்ளியில் ஒன்று, என் அலுவலகத்தில் கேக் வெட்டு, அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழு) ஒரு விழா, வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து ஒரு விருந்து, இவ்வளவும் 20-ஆம் தேதிக்கு முன்பே முடிந்திருந்தன. நள்ளிரவுப் பூசையில் பாதித் தூக்கத்தில் நின்றோம், மறுநாள் மதியம் பிரியாணி சாப்பிட்டுப் படுத்தோம், அவ்வளவுதான். அடுத்த வருடத்திலிருந்து டிசம்பரை வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். அப்படிச் செய்து பார்த்ததில் எங்களுக்கு உதவியதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள், அதனால் அந்த வழக்கப்படிதான் சொல்வேன். கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய நாள்களை நாங்கள் திருவருகைக் காலம் என்கிறோம், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் இதையே அட்வெந்து என்பார்கள், பெரும்பாலானவை அவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். திருவருகைக் காலம் என்பது கிறிஸ்மஸுக்கு முந்தைய ஷாப்பிங் காலம் இல்லை, கிறிஸ்மஸின் முன்னோட்டமும் இல்லை. 'அத்வெந்துஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு வருகை என்று பொருள். யாருடைய வருகை என்றால், பெத்லகேமில் பிறந்தவரின் வருகை மட்டும் இல்லை. முதல் ஞாயிறு கோயிலுக்குப் போய் நற்செய்தியைக் கவனித்துக் கேளுங்கள்: குழந்தையும் இருக்காது, இடையர்களும் இருக்கமாட்டார்கள். விழிப்பாயிருங்கள், மானிடமகன் வரும் நேரம் உங்களுக்குத் தெரியாது என்றுதான் இருக்கும். இறுதிநாளில் அவர் திரும்பி வருவதைப் பற்றிய பேச்சு அது. டிசம்பர் 16 வரை திருப்பலி வாசகங்கள் பெரும்பாலும் அந்த இரண்டாம் வருகையையும் இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான் ஸ்நாபகரின் மனமாற்ற அழைப்பையும் பிடித்துக்கொண்டு போகும். 17-ஆம் தேதியிலிருந்துதான் மரியா, யோசேப்பு, எலிசபெத்து என்று பிறப்பை நோக்கித் திரும்பும். 12-ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து இன்னொன்றையும் சேர்த்தார். மனித உடலில் வந்த முதல் வருகைக்கும் மாட்சியோடு வரப்போகும் கடைசி வருகைக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் நம் உள்ளத்துக்குள் வரும் வருகை ஒன்று உண்டு என்றார். நான்கு வாரமும் நாம் வீட்டில் செய்வதெல்லாம் அந்த நடு வருகைக்குக் கதவைத் திறந்து வைக்கத்தான்.

எனக்கு இதைச் சட்டென்று புரியவைத்தது நிறைமாதக்காரி இருக்கும் வீடு. அங்கே இன்னும் யாரும் பிறக்கவில்லை, ஆனால் வீடு முழுக்க அந்தப் பிள்ளைக்காகவே நடக்கிறது. பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்து வைப்பார்கள், தொட்டிலை இறக்கித் துடைப்பார்கள், ராத்திரி ஒரு காது விழித்தே இருக்கும். யாரும் சும்மா உட்கார்ந்து காத்திருப்பதில்லை, ஆனால் பிள்ளை பிறந்துவிட்டதாக நினைத்து ஊருக்குச் சர்க்கரை கொடுப்பதும் இல்லை. மரியா சுமந்த அந்தக் கடைசி வாரங்களைத்தான் திருச்சபை வருடா வருடம் வாழ்ந்து பார்க்கச் சொல்கிறது.

சரி, தேதிக் கணக்கு. கிறிஸ்மஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை எண்ணிக்கொள்ளுங்கள், முதலாவது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவே எங்காவது விழும். 2026-இல் நவம்பர் 29, 2027-இல் நவம்பர் 28. 2028-இல் டிசம்பர் 3-ஆம் தேதிதான் தொடங்குகிறது, நான்காம் ஞாயிறு 24-ஆம் தேதியிலேயே வந்துவிடும், காலையில் திருவருகைக் காலப் பூசை, இரவில் கிறிஸ்மஸ் பூசை. அந்த வருடம் மொத்தமே 22 நாள், எனவே முன்கூட்டியே திட்டமிடுங்கள். இந்த முதல் ஞாயிறுதான் திருவழிபாட்டு ஆண்டின் புத்தாண்டும்கூட. ஜனவரி 1-க்கு எடுக்கும் தீர்மானங்களை இங்கே எடுத்துப் பாருங்கள், ஒரு மாதம் முன்னதாகத் தொடங்கிய மாதிரி இருக்கும்.

கோயிலில் மாறுவதைப் பிள்ளைகளுக்கு விரல் நீட்டிக் காட்டுங்கள், வீட்டில் செய்வது அதன் தொடர்ச்சி என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். பூசை வைக்கும் சாமியாரின் திருவுடை ஊதாவாகிவிடும். பீடத்தில் பூக்கள் குறையும். ஞாயிறு பூசையில் 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் பாடலைப் பாடமாட்டார்கள், ஏனென்றால் அது வானதூதர்கள் பெத்லகேம் இரவில் பாடியது, அந்த இரவுக்காக அதை எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தைப் போல அல்லேலூயா நிற்காது. இது துக்கத்தின் காலம் இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஸ் நிற உடை போடுவதுண்டு. பிலிப்பியர் திருமுகத்தில் பவுல் சொல்லும் 'மகிழுங்கள்' என்ற சொல் அன்றைய வருகைப் பாடலில் வருவதால் அது மகிழ்ச்சி ஞாயிறு.

இப்போது வீட்டு வேலைக்கு வருவோம். ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் மெழுகுவர்த்தி வளையத்தைச் செய்யுங்கள்.

இதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்ற லுத்தரன் இறையியலாளர், கிறிஸ்மஸ் எப்போது வரும், எப்போது வரும் என்று தினமும் கேட்ட பிள்ளைகளுக்காக 1839-இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார். ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரி, வாரநாள்களுக்கு இருபது சின்னச் சிவப்புத் திரி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள். காத்திருப்பதைக் கண்ணால் பார்க்க வைத்தார் அந்த மனிதர். கத்தோலிக்கக் கோயிலுக்குள் இது வர 1925 ஆனது, கொலோன் நகரில்.

நம் ஊரில் ஃபிர் மரக் கிளைக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். கிறிஸ்மஸ் மரத்துக்கு நாம் வெட்டுவது சவுக்குதானே, அந்தத் தழையே அருமையாக வளையும். ஓர் அகலமான பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து, அதில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஆற்று மணலைப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, நான்கு மெழுகுவர்த்திகளை மணலில் ஆழமாக ஊன்றி, சுற்றிலும் தழையை வட்டமாகச் செருகிவிடுங்கள். வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, கடவுளும் அப்படித்தான் என்று சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் சரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நிறம்: மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ஊதா மெழுகுவர்த்தி கிடைக்கவில்லை என்றால் சாதாரண வெள்ளைத் திரியின் அடியில் ஊதா ரிப்பன் கட்டுங்கள், போதும். முதல் வாரம் ஓர் ஊதா, இரண்டாம் வாரம் அதோடு இன்னொன்று, மூன்றாம் வாரம் ரோஸ், நான்காம் வாரம் நான்கும். முதல் திரி குட்டையாகியும் கடைசித் திரி உயரமாகவும் நிற்பதைப் பார்த்தாலே எத்தனை வாரம் காத்திருந்தோம் என்று தெரியும். எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று திரிகளுக்குப் பெயர் வைப்பது பின்னால் வந்த பழக்கம், பிடித்தால் வைத்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கையாக ஒன்று: சவுக்குத் தழை நாலைந்து நாளில் காய்ந்து, பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். நாலு நாளுக்கு ஒருமுறை தழையை மாற்றுங்கள், திரியிலிருந்து விலக்கியே வையுங்கள், செபம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள். ஏற்றுவதற்கு முன்பு ஃபேனையும் விளக்கையும் நிறுத்துங்கள். ஃபேனை நிறுத்துவது சுடர் அணையாமல் இருக்க. விளக்கை நிறுத்துவதுதான் இதில் முக்கியமானது. முதல் வாரம் ஒரே ஒரு சுடரில் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாது, நான்காம் வாரம் அறை முழுக்க வெளிச்சமாக இருக்கும். காரிருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்று பைபிளில் இறைவாக்கினர் எசாயா சொன்னதற்கு இதைவிட நல்ல விளக்கவுரையை நான் கேட்டதில்லை.

திரி எரியும்போது என்ன செய்வது? நீளமாக எதுவும் வேண்டாம். பத்து நிமிடம். ஒருவர் ஏற்றட்டும் (கடைக்குட்டிக்கே அந்த உரிமை), இன்னொருவர் பைபிள் வாசிக்கட்டும், பிறகு கொஞ்சம் மௌனம், ஆளுக்கொரு மன்றாட்டு, 'விண்ணுலகிலிருக்கிற', 'அருள் நிறைந்த' என்று தொடங்கும் இரண்டு செபங்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து 'மாரனாத்தா' என்று சொல்லுங்கள். முதல் கிறிஸ்தவர்கள் பேசிய அரமேயச் சொல் அது, 'ஆண்டவரே வாரும்' என்று பொருள், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில் அப்படியே இருக்கிறது. எதை வாசிப்பது என்று குழப்பமாக இருந்தால் எசாயாவை எடுங்கள். வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடிக்கும் 2-ஆம் அதிகாரம், தாவீதின் தந்தை ஈசாயின் அடிமரத்திலிருந்து தளிர் கிளம்பும் 11, பாலைநிலம் பூக்கும் 35, 'ஆறுதல் கூறுங்கள்' என்று தொடங்கும் 40. நாடு இழந்து, கோயில் இடிந்து, அந்நிய மண்ணில் கிடந்த மக்களை எட்டிய சொற்களும் அந்தப் புத்தகத்தில் உண்டு. உங்கள் வீட்டில் வேலை இழந்தவரோ, நோயில் இருப்பவரோ, பிள்ளைக்காகக் காத்திருப்பவரோ இருந்தால் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

குடில் கட்டுவதை நிறுத்த வேண்டாம், ஆனால் ஒரே நாளில் முடித்துவிடாதீர்கள். முதல் வாரம் வெறும் தொழுவம் மட்டும். பிறகு மாடும் கழுதையும். மரியாவையும் யோசேப்பையும் வீட்டின் வேறு மூலையில், டிவி மேலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிலை நோக்கி நகர்த்துங்கள், அவர்கள் நாசரேத்திலிருந்து நடந்து வருகிறார்கள். தீவனத் தொட்டி 24 இரவு வரை காலியாகவே இருக்கட்டும். யாருக்காவது ஓர் உதவி செய்தால், கோபத்தை ஒருமுறை அடக்கினால், அந்தப் பிள்ளை ஒரு வைக்கோலை எடுத்து அதில் போடலாம், பாலனுக்குப் படுக்கை தயாராகிறது. பெரியவர்களும் போட வேண்டும், பிள்ளைகளை மட்டும் போடச் சொல்லாதீர்கள்.

கொடுப்பதைப் பற்றி யோவான் ஸ்நாபகர் நேராகவே சொல்லிவிட்டார். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட கூட்டத்திடம், இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்றார் (லூக்கா 3). எனவே கிறிஸ்மஸ் துணி எடுக்கும் பட்ஜெட் போடும்போதே இன்னொரு குடும்பத்துக்கும் சேர்த்துப் போடுங்கள், மீந்ததிலிருந்து கொடுக்கலாம் என்று விட்டால் எதுவும் மிஞ்சாது. லத்தீன் வழிபாட்டு முறையில் இந்தக் காலத்துக்குக் கட்டாய நோன்பு இன்று இல்லை. ஆனால் கேரளத்தின் சீரோ மலபார் கத்தோலிக்கக் குடும்பங்களில் டிசம்பர் 1 முதல் கிறிஸ்மஸ் வரை இறைச்சி, மீன் விடும் 25 நோன்பு உண்டு. அதைப் பார்த்து நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அசைவத்தை விட்டு, அந்தக் காசை ஓர் உண்டியலில் போடுகிறோம். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தையும் இரண்டாம் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். 24-ஆம் தேதி சாயங்காலம் வரிசையில் நின்றால் உங்களுக்கும் நிதானம் இருக்காது, சாமியாருக்கும் இருக்காது.

17-ஆம் தேதியிலிருந்து எல்லாமே கொஞ்சம் வேகமெடுக்கும். அன்று முதல் 23 வரை மாலை செபத்தில் திருச்சபை ஒவ்வொரு நாளும் ஒரு பெயரைச் சொல்லி வரப்போகும் இயேசுவைக் கூப்பிடுகிறது: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. லத்தீனில் இந்தப் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கோர்த்தால் 'ஏரோ க்ராஸ்' என்று வரும், 'நாளை நான் வந்திருப்பேன்' என்று அர்த்தம். ஏழு நாளும் கூப்பிட்டதற்கு அவர் தரும் பதில் மாதிரி! ஏழு சீட்டில் ஏழு பெயரை எழுதிக் கதவில் நாளுக்கு ஒன்றாக ஒட்டுங்கள். நம் ஊரில் அப்போதுதான் மார்கழி பிறந்திருக்கும், விடியற்காலையில் எழுவது தெருவுக்கே பழக்கமாகிவிடும். அந்த ஒரு வாரம் மட்டும் செபத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றிப் பாருங்கள். 21-ஆம் தேதி 'விடியலே' என்று கூப்பிட்டுவிட்டு ஜன்னலைத் திறக்கும்போது வெளியே நிஜமாகவே விடிந்துகொண்டிருக்கும்.

கேரல் ரவுண்ட்ஸ், அலுவலக விழா இதையெல்லாம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வீட்டில் முடிவெடுக்க நமக்கு உரிமை இருக்கிறது, ஊரையே மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. கேரல் குழு வந்தால் சந்தோஷமாகக் கதவைத் திறந்து, காபி கொடுத்து, கூடவே பாடுங்கள். பிள்ளைகள் குழப்பமாகப் பார்த்தால், வரப்போகிறவரைப் பற்றி முன்னால் ஓடிவந்து சொல்கிறார்கள் என்று சொல்லுங்கள். கோட்டாறு பக்கம் இருப்பவர்களுக்கு டிசம்பர் 3 வரை சவேரியார் திருவிழா இருக்கிறது, 8-ஆம் தேதி அமல உற்பவ அன்னை விழா இருக்கிறது. இவையும் இந்தக் காலத்துக்குள் வருபவைதான், விழா கொண்டாடினால் காத்திருப்பு கெட்டுவிடாது. நாங்கள் வீட்டளவில் வைத்திருக்கும் விதி மூன்றே மூன்று: கிறிஸ்மஸ் கேக்கை 24 இரவுக்கு முன் வெட்டுவதில்லை, பரிசுகளைப் பிரிப்பதில்லை, பாலனைக் குடிலில் வைப்பதில்லை.

24 இரவு பூசை முடிந்து வந்ததும் விளக்கை நிறுத்திவிட்டு நான்கு திரிகளையும் ஏற்றுங்கள். நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் திரியை ஊன்றி, வீட்டில் மூத்தவர் அதை ஏற்றட்டும், கடைக்குட்டி பாலனை எடுத்து வந்து வைக்கோலில் கிடத்தட்டும். அப்புறம் கேக் வெட்டுங்கள். இங்கிருந்துதான் கிறிஸ்மஸ் காலமே தொடங்குகிறது, ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை ஓடும். அதனால் 26-ஆம் தேதி காலையிலேயே ஸ்டாரைக் கழற்றிவிடாதீர்கள். உறவினர் வீட்டுக்கு முறுக்கு, அதிரசம் கொண்டுபோவது, நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிடுவது எல்லாவற்றையும் அந்த நாள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாலனைப் பார்க்க வரும் மூன்று ஞானிகளின் பொம்மைகளை இப்போதைக்கு வராந்தாவிலேயே நிற்க விடுங்கள், அவர்கள் வந்து சேர இன்னும் சில நாள் இருக்கிறது.