எல்ஸ்டர் சான்றிதழைப் பத்திரப்படுத்துவது எப்படி?

ஜெர்மனியில் முகவரியைப் பதிவுசெய்தபின் 11 இலக்க வரி அடையாள எண் தபாலில் வரும். அதை வைத்துத்தான், வரிக்கணக்கை இணையத்தில் தாக்கல் செய்யும் எல்ஸ்டர் (ELSTER) என்ற அரசு வரித்தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். கணக்கைச் செயல்படுத்தும் விவரத்தில் ஒரு பாதி மின்னஞ்சலிலும் மறுபாதி தபாலிலும் வரும். தபால்பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். பிறர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் ஒரு துண்டுக் காகிதத்திலாவது பெயரெழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டு பாதியும் கைக்கு வந்ததும், தளத்தில் உள்நுழையத் தேவையான, பிஎஃப்எக்ஸ் (.pfx) என்று முடியும் பெயருள்ள சான்றிதழ்க் கோப்பு ஒன்றைச் சேமிக்கச் சொல்வார்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கோப்பு டவுன்லோட் ஃபோல்டரில் எங்கோ கிடக்கும். மடிக்கணினி பழுதானால் அதுவும் போச்சு. அந்தக் கோப்புக்கு நீங்கள் வைத்த கடவுச்சொல்லை மறந்தால் வரி அலுவலகத்தைக் கேட்டும் பயனில்லை, அது அவர்களிடம் கிடையாது. கோப்பு, கடவுச்சொல் இரண்டில் எது தொலைந்தாலும் மீண்டும் தபாலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். வரிக்கணக்கின் கெடு நெருங்கும்போதுதான் பலருக்கு இது உறைக்கும்.

ஆகவே கோப்பின் நகல் ஒன்றைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் வேறோரிடத்தில் இருக்கட்டும். கோப்பை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி, அதன் கீழேயே கடவுச்சொல்லையும் தட்டச்சு செய்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும். காலாவதியாகுமுன் உள்நுழைந்து புதுப்பியுங்கள். அப்போது கிடைக்கும் புதிய கோப்பையும் மறக்காமல் சேமியுங்கள்.

வரிக்கணக்குத் தெரிந்த ஓர் அண்ணன் எல்லா ஊரிலும் இருப்பார். அவரிடம் உதவி கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆனால் அவருடைய மின்னஞ்சலில் உங்கள் கணக்கைத் தொடங்காதீர்கள். கோப்பையும் அவர் கணினியில் விட்டுவராதீர்கள். கோப்போடு கடவுச்சொல்லும் கிடைத்துவிட்டால் கையெழுத்தே இல்லாமல் உங்கள் பெயரில் வரிக்கணக்குத் தாக்கல் செய்ய முடியும். அண்ணன் நல்லவர்தான், அவர் கணினியை இன்னும் யார் யார் தொடுகிறார்கள் என்பது அவருக்கே தெரியாமலிருக்கலாம்.

எல்ஸ்டர் பெயரில் போலி மின்னஞ்சல்களும் சுற்றுகின்றன. “உங்களுக்கு வரிப்பணம் திரும்ப வருகிறது, வங்கி அட்டை எண்ணைக் கொடுங்கள்” என்று கேட்டால் அழித்துவிடுங்கள். திரும்பவேண்டிய பணம், வரி அலுவலகத்திடம் நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருக்கும் வங்கிக் கணக்குக்கே வரும். அதற்கு அட்டை எண் தேவையே இல்லை.