ஈர்க்குச்சியில் இதயத் தசை: சார்கோமியர் மாதிரி செய்வது எப்படி?

தசையில் சுருங்கும் மிகச் சிறிய அலகுதான் சார்கோமியர். மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக இதைச் செய்யப்போய் முதல் மாதிரியில் கோட்டை விட்டேன். தசை சுருங்க வேண்டுமே என்று இழைகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். அடிப்படையே தப்பு! இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றையொன்று உரசியபடி நழுவுகின்றன.

அளவு: 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) = 10 செ.மீ. தெர்மாகோல் வேண்டாம், உதிர்ந்தே கழுத்தறுக்கும். கெட்டி அட்டைதான் சரி.

1. 16 செ.மீ. அட்டைப் பட்டையைப் பலகையின் நடுவில் ஒட்டுங்கள். இது மயோசின் என்ற தடித்த புரத இழை. மேல், கீழ் இரு ஓரங்களிலும் தீக்குச்சித் தலைகளைச் செருகுங்கள்; பிடித்து இழுக்கும் மயோசின் தலைகள் இவை.

2. இரண்டு சிறு அட்டைகள், சார்கோமியரின் இரு எல்லைகளான Z கோடுகள். ஒவ்வொன்றிலும் 10 செ.மீ. ஈர்க்குச்சிகள் இரண்டு, பட்டைக்கு மேலொன்று கீழொன்று. இவை ஆக்டின் என்ற மெல்லிய புரத இழைகள். அட்டைகளுக்கு நடுவே 22 செ.மீ. விடுங்கள்; 20 ஆக நெருக்கினால் குச்சி முனைகள் முட்டிக்கொள்ளும். பட்டை நீளம் மாறாது.

3. ஈர்க்குச்சியில் நூல் சுற்றி இடையிடையே முடிச்சுப் போடுங்கள். நூல் டிரோபோமயோசின், முடிச்சு டிரோபோனின்; இரண்டும் ஆக்டின்மேல் இருக்கும் புரதங்கள். (மாரடைப்பா என்று பார்க்க ரத்தத்தில் தேடுவது இதைத்தான்.) கால்சியம் முடிச்சில் ஒட்டினால் நூல் விலகி, மயோசின் பிடிக்க இடம் கிடைக்கும். கால்சியத்துக்கு ஜவ்வரிசி போதும்.

4. நான் தடுக்கி விழுந்த இடம் இது. ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) வந்ததும் தலை இழுக்கும் என்றே நினைத்திருந்தேன். கிணற்றில் கயிறு இழுப்பதை நினைத்துப் பாருங்கள்: பிடித்த கையை விட்டால்தானே அடுத்த பிடி? புது ஏடிபி ஒட்டும்போதுதான் தலை பிடியை விடுகிறது. அந்த ஏடிபி உடைந்ததும் தலை நிமிர்ந்து, மறுபடி பிடித்து, உடைந்ததில் வந்த பாஸ்பேட்டை உதிர்த்துக்கொண்டே இழுக்கிறது. இறந்த உடல் விறைப்பதும் இதனால்தான்: விடுவிக்க ஏடிபி இல்லை.

5. இதுவரை கை கால் தசைக்கும் பொருந்தும். இதயத்தில் மட்டும், செல்லுக்கு வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் நுழைந்தாக வேண்டும்; அதுதான் உள்ளே சேமித்த கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. 1883இல் லண்டனில் மருத்துவர் சிட்னி ரிங்கர், கால்சியம் இல்லாத உப்புக் கரைசலில் தவளை இதயம் ஓய்ந்துபோவதைக் கண்டார். அதனால் முதலில் வெளியிலிருந்து இரண்டு ஜவ்வரிசி, அப்புறம் உள்ளிருந்து ஒரு கைப்பிடி. தளர்வதற்கு அதைத் திரும்ப அள்ளவேண்டும். அதற்கும் ஏடிபி செலவாகும்.

பின்சேர்க்கை: “ஒரு பக்கம் மட்டும் நகர்கிறதே?” என்று ஒருவர் கேட்டிருந்தார். தீக்குச்சிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தனவாம். பட்டையின் நடுவே ஒன்றரை செ.மீ. வெறுமையாக விட்டு, இரு பாதிகளிலும் எதிரெதிராகச் சாயுங்கள்.