ரயில் நிலைய வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் எழும்பூர் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பார்த்துத் தரச் சொன்னார். நல்ல உழைப்பு. ஆனால் இரண்டாம் பத்தியில் இப்படி ஒரு வாக்கியம்: “சென்ட்ரலில் நெரிசல் கூடியதால் 1908இல் எழும்பூர் நிலையம் கட்டப்பட்டது.” பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் எழுதினேன். அதனால்தான் இந்தக் கட்டுரை. எழுத்துப்பிழை, படத்தின் கீழ் தவறான பெயர் போன்றவற்றை மெய்ப்புப் பார்ப்பவரே பிடித்துவிடுவார்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

கம்பெனியைப் பார்க்காமல் கட்டடத்தைப் பார்ப்பது

அந்த வாக்கியம் எனக்கு இரண்டு மாத உழைப்பையும் அச்சான ஐந்நூறு பிரதிகளையும் விழுங்கியது. எழும்பூர் நிலையத்தின் தொடக்கத்தைத் தேடி மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆவணங்கள் தொலைந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, ஊகத்தை உண்மைபோல எழுதி, சிறு நூலாக அச்சிட்டும்விட்டேன். ஓய்வுபெற்ற நிலைய அதிகாரி ஒருவர் அதைப் படித்துவிட்டு வீடு தேடி வந்தார். கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, சென்ட்ரலுக்கு எந்த கேஜ் தண்டவாளம் வந்தது? எழும்பூருக்கு எந்த கேஜ் வந்தது?”

கேஜ் என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சென்ட்ரல் மெட்ராஸ் ரயில்வேயின் நிலையம். அதன் பாதை 1,676 மில்லிமீட்டர் அகலம் கொண்ட பிராட் கேஜ். எழும்பூரைக் கட்டியது திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வே. அதன் பாதை 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ். சென்ட்ரலின் நடைமேடைகள் எல்லாமே காலியாகக் கிடந்திருந்தாலும் திருச்சியிலிருந்து வந்த ரயில் அங்கே நுழைந்திருக்க முடியாது. நெரிசலைக் காரணமாகச் சொல்ல இடமே இல்லை. நான் தேடியது வேறொரு கம்பெனியின் அலமாரியில் இருந்தது.

இந்த ஒரு தவறு மற்ற தவறுகளையும் இழுத்து வருகிறது. “வடக்கே போக சென்ட்ரல், தெற்கே போக எழும்பூர்” என்று எழுதுவார்கள். அப்படியானால் கோயம்புத்தூர் வடக்கிலா இருக்கிறது? மெட்ராஸ் ரயில்வே சேலம், கோயம்புத்தூரை அடுத்த போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை 1860களின் தொடக்கத்திலேயே பாதை போட்டுவிட்டது. அதனால்தான் இன்றும் கோவைக்கும் கேரளத்துக்கும் போகும் ரயில்களில் பெரும்பாலானவை சென்ட்ரலிலிருந்து கிளம்புகின்றன. விழுப்புரம், திருச்சி, மதுரைப் பக்கம் தென்னிந்திய ரயில்வேயின் பாதை. அந்த ரயில்கள் எழும்பூரோடு நின்றுவிட்டன. இப்போது இரு பக்கமும் பிராட் கேஜ்தான். ஆனாலும் பயணி எந்த நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதை இன்னும் பெரும்பாலும் அந்தப் பழைய எல்லைக்கோடே முடிவு செய்கிறது. எந்த ஊர் நிலையத்தை எடுத்தாலும் முதலில் கம்பெனி, அடுத்து கேஜ். கட்டடத்தைப் பற்றி எழுதுவது அதற்குப் பிறகுதான். இதைச் சொல்லியும் கேட்காதவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

“முதல்” என்று எழுதுவது

சென்னை ராயபுரத்தை இந்தியாவின் முதல் ரயில் நிலையம் என்று எழுதாதீர்கள். பம்பாய்–தாணே ரயில் 1853இலேயே ஓடிவிட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது 1856இல். தென்னிந்தியாவில் அது முதல். இந்தியாவில் இன்னும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது என்றும் ராயபுரத்தைச் சொல்வார்கள். தென்னிந்தியாவில் முதல் என்பதும், நிற்பவற்றில் மூத்தது என்பதும் தனித்தனிப் பெருமைகள். இரண்டையும் கலந்தால் இரண்டுமே கெட்டுப்போகின்றன.

முழுக் கட்டடத்துக்கும் ஒரே ஆண்டு

சென்ட்ரல் திறந்தது 1873இல். மணிக்கூண்டு பின்னால் வந்தது.

இன்றைய பெயரைப் பழைய ஆண்டில் போடுவது

எழும்பூர் நிலையம் திறந்த 1908இல் தெற்கு ரயில்வே கிடையாது. அது 1951இல்தான் உருவானது.

ரயிலின் பெயரை மட்டும் நம்புவது

சேவைகளைப் பற்றி எழுதும்போது மிக எளிதாகச் சறுக்கும் இடம் இது. இலங்கைக் கப்பலைப் பிடிக்கச் சென்னையிலிருந்து ஓடிய போட் மெயில் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அது தூத்துக்குடிக்குப் போனது. பயணிகள் அங்கிருந்து கப்பலில் கொழும்பு சேர்ந்தார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் அங்கிருந்து கடல் தாண்டும் வழி இல்லாமல் போனது. பெயர் மட்டும் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. “என் தாத்தா போட் மெயிலில் போனார்” என்று யாராவது சொன்னால் உடனே தனுஷ்கோடி என்று எழுதிவிடாதீர்கள். எந்த ஆண்டில் போனார், எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார் என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு ஆண்டு நினைவில் இருக்காது. கல்யாணத்துக்கு முன்பா பின்பா, பெரிய புயலுக்கு முன்பா பின்பா என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.